அந்த நம்பருக்குள்ள ஆர் இருக்கினம்? – வாசகர் கேள்வி பதில்

2021 மே கடைசி. இந்தமுறை வந்த கேள்வியில முக்காவாசி கொரோனாவும் ரீவி நியூஸும்தான். மற்ற எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வைச்சிட்டன், குறை நினைக்காதேங்கோ. நான் டொக்டர் இல்லை, கனடாவில ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கமான ஸ்காபரோவில 20 வருசத்துக்கு மேல இருக்கிற ஒரு ஆள், ஒவ்வொருநாளும் நியூஸ் பாக்கிற ஆள், பாத்து மனம் கொதிக்கிற ஆள். மருந்து விசயம் எண்டா உங்கட ஃபமிலி டொக்டரைத்தான் கேக்கவேணும்.

நான் ஒவ்வொருநாளும் காலமை பத்தரைக்கு ஒன்ராறியோ மாகாணத்தின்ர கொரோனா நம்பர் வருமட்டும் போனைக் கையில வைச்சுக்கொண்டு இருக்கிறன். கூடினா அண்டைக்கு முழுக்க ஒண்டும் ஓடாது, குறைஞ்சா கொஞ்சம் மூச்சு வரும். இப்பிடி இருக்கிறது சரியோ பிள்ளை?
– ஒரு அம்மா, ஸ்காபரோ

அம்மா, நானும் உங்களைப் போலதான் இருந்தனான். அடுப்பில பால் பொங்கி ஊத்துறது தெரியாம போனைப் பாத்துக்கொண்டு நிண்ட நாளும் இருக்கு. ஏப்ரல் 16 ஆம் திகதி 4,812 எண்டு வந்ததைப் பாத்திட்டு கதிரையில அப்பிடியே இருந்திட்டன். இப்ப ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கு, சந்தோசம்தான், ஆனா அந்த ஒரு நம்பரை மட்டும் நம்பி நெஞ்சிடிக்க விடாதேங்கோ. சனி ஞாயிறு கொரோனா ரெஸ்ட் (பரிசோதனை) எடுக்கிற ஆக்கள் குறைவு, அதால திங்கள் செவ்வாயில குறைஞ்சமாதிரி காட்டும், பிறகு வியாழன் வெள்ளி ஏறும், வருத்தம் உண்மையில கூடினதோ குறைஞ்சதோ எண்டு அதில தெரியவே தெரியாது. 7 நாள் சராசரியைப் பாருங்கோ, ரெஸ்ட் எடுத்தவையில நூறுக்கு எத்தினை பேருக்கு இருக்கு எண்டதைப் பாருங்கோ, ஐசியூவில எத்தினை பேர் கிடக்கினம் எண்டதைப் பாருங்கோ. மே தொடக்கத்தில ஐசியூவில மட்டும் 900 பேர் அளவில கிடந்தவை, ரொறன்ரோ பக்கத்து ஆஸ்பத்திரியளில இடமில்லாம நோயாளியளை கிங்ஸ்ரன் மட்டும் கொண்டுபோனவை, அப்ப இருந்த நிலைமை அதிலதான் தெரிஞ்சுது.

ஆனா அம்மா, என்ர மனசை அரிக்கிறது அந்த நம்பருக்கு அடுத்த வரி. ரொறன்ரோவில இத்தினை, பீலில இத்தினை, யோர்க்கில இத்தினை எண்டு வாசிச்சுப்போட்டு நியூஸ் அங்கயே நிண்டிடும். ரொறன்ரோவில எந்த மூலை, என்ன வேலை செய்யிற ஆக்கள், எத்தினை பேர் ஒரு வீட்டில இருக்கிறவை, ஒண்டும் வராது. போன வருசம் ஜூலை கடைசியில ரொறன்ரோ சுகாதாரப் பகுதி ஒரு கணக்கு வெளியில விட்டது, தொற்று வந்தவையில 83 வீதம் வெள்ளையர் அல்லாத ஆக்கள், ஊர்ச் சனத்தொகையில அவையின்ர பங்கு 52 வீதம். அது ரெண்டு மூண்டுநாள் நியூஸில ஓடிச்சு, பிறகு திருப்பியும் அதே பத்தரை மணி நம்பர். வீட்டு மேசையில கொம்பியூட்டரோட இருக்கிற ஆளுக்கும், விடிய 5 மணிக்கு பஸ்ஸில தோள் முட்ட நிண்டு ஃபக்டரிக்குப் போற ஆளுக்கும் ஒரே நம்பரை வாசிச்சுக் காட்டினா என்ன பிரயோசனம்?

நாங்கள் பிறம்ரன். ஆரைக் கேட்டாலும் எங்கட ஆக்களைத்தான் குத்தம் சொல்லீனம், பெரிய குடும்பம், கொண்டாட்டம், சொல்லுக் கேக்கிறேல்லை எண்டு. வேலையிடத்திலயும் அப்பிடித்தான் கதைக்கினம். என்ன பதில் சொல்லுறது அக்கா?
– பெயர் வேண்டாம், பிறம்ரன்

தம்பி, பதில் இருக்கு, நல்லா உரத்துச் சொல்லுங்கோ. நாடு முழுக்க வீட்டை இருந்துகொண்டு போனில ஓடர் பண்ணின சாமான் எல்லாத்தையும் ஆர் பெட்டி கட்டினது, ஆர் ட்ரக்கில ஏத்தினது, ஆர் எயார்போட்டில இறக்கினது? உங்கட பிறம்ரன் இருக்கிற பீல் பகுதி வெயார்ஹவுஸும் ஃபக்டரியும் ட்ரக்கும் நிறைஞ்ச இடம், அங்க இருக்கிற கனபேருக்கு வீட்டை இருந்து செய்யிற வேலை எண்டு ஒண்டு இல்லை. பீல் சுகாதாரப் பகுதி தங்கட கேஸுகளை எடுத்துப் பாத்திருக்கு, அறிகுறி வந்தவையில நாலில ஒருத்தர் அந்த அறிகுறியோடயே வேலைக்குப் போயிருக்கினம். இதைக் கேட்டவுடன சிலபேர் பொறுப்பில்லாத சனம் எண்டு சொல்லீனம். எனக்கு அழுகைதான் வருது, ஏன் எண்டா அப்பிடிப் போற ஆக்களை எனக்குத் தெரியும்.

எங்கட தெருவில ஒரு பேஸ்மென்டில ஒரு தம்பி இருக்கிறார், ஏஜென்சி மூலமா வேலைக்குப் போறவர். முதல்நாள் இரவு போனுக்கு ரெக்ஸ்ட் வரும், நாளைக்கு ஷிஃப்ட் வாறியோ எண்டு. ஒருக்கா மாட்டன் எண்டா பிறகு ஒரு கிழமைக்கு ரெக்ஸ்ட் வராது. மார்ச்சில ஒருநாள் நான் குப்பை வைக்க வெளியில போக, அவர் மாஸ்க்கும் போட்டு குளிர்ச் சட்டையும் போட்டுக்கொண்டு பக்கவாசல் படியில குந்தியிருந்தார், கண் சிவந்துபோய் இருந்துது, கிட்ட வராதேங்கோ அக்கா எண்டு கையைக் காட்டிப்போட்டுக் கேட்டார், காச்சல் எண்டு சொன்னா அவங்கள் அடுத்த கிழமை கூப்பிடுவாங்களோ எண்டு. தனக்கு என்ன ஆகும் எண்டு கேக்கேல்லை, கூப்பிடுவாங்களோ எண்டுதான் கேட்டவர். நான் சோறும் ரசமும் கட்டி படியில வைச்சன், வேற என்ன செய்யிறது? அவர் போகேல்லை, ரெஸ்ட் எடுத்தார், பொசிட்டிவ், தப்பி வந்திட்டார். ஆனா அந்த மாச வாடகை அரைவாசிதான் குடுத்தவர்.

இந்த மாகாணத்தில சம்பளத்தோட ரெண்டுநாள் லீவு சட்டத்தில இருந்தது, அதை 2018 இல எடுத்துப்போட்டினம். பிறகு ஒரு வருசத்துக்கு மேல டொக்டர்மார், தொழிற்சங்கம், நகரசபை எல்லாரும் கத்திக் கத்தி, இந்த ஏப்ரல் கடைசியிலதான் 3 நாள் குடுத்திருக்கினம், ஒரு நாளுக்கு ஆகக்கூடினது 200 டொலர். வருத்தம் வந்தா தனிய இருக்கவேண்டியது 10 நாள், மிச்ச 7 நாளுக்கு என்னத்தைச் சாப்பிடுறது? ஒட்டாவாவில இருக்கிற மத்திய அரசாங்கம் குடுக்கிற காசு கிழமைக்கு 500 டொலர் இருக்குத்தான், அது பிறகு விண்ணப்பிச்சுத்தான் வரும், வாடகை அதுக்குக் காத்துக்கொண்டு இருக்காது. குத்தம் சொல்லுறவையிட்டை இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கோ தம்பி, வெக்கப்படவேண்டியது நீங்கள் இல்லை.

ஏப்ரல் 24 ஆம் திகதி ஃபார்மசியில அஸ்ட்ராசெனெகா போட்டனான், வயசு 43. மூண்டு கிழமைக்குள்ளயே நிப்பாட்டிப்போட்டினம். இப்ப ரெண்டாவது என்ன போடுறது எண்டும் தெரியாம பயத்தோட இருக்கிறன்.
– ஒரு தங்கச்சி, மார்க்கம்

முதல்ல ஒண்டு சொல்லுறன் தங்கச்சி, நீங்கள் செய்தது பிழை இல்லை. அண்டைக்கு ஸ்காபரோவும் பீலும் எரிஞ்சுகொண்டு இருந்த நேரம், கிடைச்ச ஊசியைப் போட்டனீங்கள். மாகாண முதல்வர் டக் ஃபோர்ட் ஏப்ரல் 9 இல போட்டது அதேதான், பிரதமர் ட்ரூடோ 23 இல போட்டதும் அதேதான். ஒன்ராறியோ மே 11 இல நிப்பாட்டினதுக்கு காரணம் அந்த அரிதான ரத்தக்கட்டி, முதல் டோஸில 100,000 பேருக்கு 1.7 பேர் எண்ட கணக்கில வந்ததெண்டு சொன்னவை. அது போட்டு கொஞ்சநாளுக்குள்ள வாற பிரச்சினை, உங்களுக்கு ஒரு மாசம் தாண்டிட்டுது, அதால அந்தப் பயத்தை இறக்கி வையுங்கோ. இருந்தாலும் விடாத தலையிடி, கண் மங்குறது, கால் வீங்குறது, மூச்சு எடுக்கக் கஸ்டம், வயித்துநோ, இதில எது வந்தாலும் பாத்துக்கொண்டிருக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

ரெண்டாவது டோஸ், மார்ச் 10 க்கும் 19 க்கும் இடையில போட்ட ஆக்களுக்கு இந்தக் கிழமை தொடங்கீட்டினம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு, மற்ற ஊசியைக் கலந்து போடலாமோ எண்டு இங்கிலாந்திலயும் ஆராய்ச்சி நடக்குது, அவசரப்படாதேங்கோ.

எனக்குக் கோவம் ஊசியில இல்லை, அதைச் சொன்ன விதத்தில. மே 3 ஆம் திகதி தடுப்பூசிக்கான தேசிய ஆலோசனைக் குழு ஃபைசரும் மொடேர்னாவும்தான் விருப்பத்துக்குரிய ஊசி எண்டு ஒரு வசனம் சொன்னவை. வீட்டை இருந்து வேலைசெய்யிற ஆள் காத்திருக்கலாம் எண்டது அதுக்குள்ள இருந்த கருத்து, அதில நியாயமும் இருக்கு. ஆனா அண்டிரவு நியூஸில அது இறங்கினது எப்பிடி? ஏற்கனவே போட்ட லட்சக்கணக்கான சனம் தாங்கள் ரெண்டாந்தர ஊசியைப் போட்டிட்டம் எண்டு நித்திரை இல்லாமக் கிடந்தது. எனக்கு இரவு 11 மணிக்கு 3 பேர் போன் எடுத்தவை.

முதல் மாஸ்க் வேண்டாம் எண்டினம், பிறகு போடு எண்டினம். பார்க்கைப் பூட்டினம், அடுத்தநாள் திறந்தினம். ஆரைத்தான் நம்புறது?
– ஒரு அப்பா, ஏஜாக்ஸ்

ஐயா, ரெண்டும் ஒரேமாதிரித் தெரியும், ஆனா ஒண்டில்லை. 2020 மார்ச்சில கனடாவின்ர தலைமைச் சுகாதார அதிகாரி தெரேசா ராம் (Tam) அம்மையார் சாதாரண சனத்துக்கு மாஸ்க் தேவையில்லை எண்ட மாதிரித்தான் கதைச்சவா, ஏப்ரல் 6 இல துணி மாஸ்க் மற்றவையைக் காக்கும் எண்டு மாத்திச் சொன்னவா, ஏன் எண்டா அறிகுறி இல்லாதவையும் பரப்பீனம் எண்டது அதுக்குள்ள தெளிவா வந்திட்டுது. புதுசா ஒண்டு தெரியவந்தா மாத்தத்தான் வேணும், மாத்தாட்டித்தான் நான் பயப்படுவன். ஆனா கொஞ்சம் முந்தியே மாத்தியிருக்கலாம் எண்டதும் உண்மை. 2003 இல சார்ஸ் வந்து கனடாவில 44 பேர் செத்தவை, அது பரவினது எங்கட ஸ்காபரோ ஆஸ்பத்திரி ஒண்டில இருந்துதான். அதுக்குப் பிறகு நீதிபதி ஆர்ச்சி காம்பெல் விசாரிச்சு எழுதின அறிக்கையில முக்கியமா சொன்னதே, முழு நிரூபணம் வருமட்டும் காத்திராம முன்கூட்டியே பாதுகாப்பு எடு எண்டதுதான். அந்தப் பாடம் அலமாரியில கிடந்துது.

ஏப்ரல் 16 நடந்தது வேற கதை. அண்டைக்குத்தான் அந்த 4,812. டொக்டர்மார் கேட்டது சம்பளத்தோட லீவு, ஹொட்ஸ்பொட்டுக்கு, அதாவது வருத்தம் கூடின இடங்களுக்கு, கூட ஊசி, அத்தியாவசியம் இல்லாத வேலையிடத்தை மூடுறது. பின்னேரம் அறிவிச்சது என்ன? பிள்ளையளின்ர விளையாட்டு மைதானத்துக்குப் பூட்டு, தெருவில ஆரையும் மறிச்சு எங்க போறாய் எண்டு கேக்க பொலிசுக்கு அதிகாரம். கன பொலிஸ் பிரிவுகளே தாங்கள் அப்பிடி மறிக்கமாட்டம் எண்டு சொல்லிப்போட்டினம், அடுத்தநாளே ரெண்டையும் பின்வாங்கி, 22 ஆம் திகதி முதல்வர் கண்கலங்கி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்டதை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா ஐயா, எங்கட கறுப்பு, மண்ணிறப் பொடியளை வீட்டில வைச்சிருக்கிற தாய்மார் அந்த ஓரிரவு என்ன பாடுபட்டிருப்பினம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. சாட்சியத்தைக் கேட்டு மாத்துற ஆளை நம்பலாம், முதல்லயே கேக்காம விட்டுப்போட்டு பிறகு மாத்துற ஆளிட்டை திருப்பித் திருப்பிக் கேள்வி கேக்கவேணும்.

மொன்றியலில ஊரடங்கு எடுக்கப்போகினம். அது உண்மையில உதவினதோ?
– ஒரு வாசகர், மொன்றியல்

ஜனவரி 9 இல தொடங்கி மே 28 மட்டும், கிட்டத்தட்ட 5 மாசம். உதவிச்சுதோ எண்டு ஆராய்ச்சிக்காரர் பாக்கட்டும். எனக்கு மறக்கேலாதது ஒண்டு. ஜனவரியில மொன்றியலில வீடில்லாத ஒரு இன்னு ஆதிக்குடி மனிதர், வழமையா அவர் போற தங்குமிடத்தை இரவில மூடவைச்சதால, கிட்டத்தில இருந்த பிளாஸ்ரிக் கழிப்பறைக்குள்ள குளிரில செத்துக்கிடந்தார். வீட்டுக்குள்ள இருங்கோ எண்டு கட்டளை, வீடே இல்லாத ஆள் எங்க இருக்கிறது? பிறகு நீதிமன்றம் தலையிட்டுத்தான் வீடில்லாதவைக்கு விலக்கு வந்தது. நாங்கள் ஊரில ஊரடங்குக்குள்ள வளந்த சனம், ஜீப் சத்தம் கேட்டா லைற்றை நூத்த சனம், இந்தச் செய்தியை எங்களால சும்மா கடந்துபோக ஏலாது.

நோவா ஸ்கோஷியாவில தங்கச்சி இருக்கிறா, அங்க நிம்மதியா இருந்திச்சினம். ஏன் எங்களுக்கு மட்டும் இப்பிடி?
– ஸ்காபரோ வாசகி

அங்க ஏப்ரல் 27 இல ஒருநாள் கேஸ் 96. அடுத்தநாள் காலமை முழு மாகாணத்தையும் மூடிப்போட்டினம். அங்க சனத்தொகை 10 லட்சம் அளவில, எங்கட தொகைக்குக் கணக்குப் போட்டா ஒரு 1,400 மாதிரி வரும். நாங்கள் மார்ச்சில அந்த 1,400 இல நிக்கேக்க என்ன செய்தம்? ரொறன்ரோவில, பீலில மார்ச் 20 இல இருந்து ரெஸ்ரோறன்ட் வாசலில மேசை போட விட்டம். பெப்ரவரி 11 ஆம் திகதியே மாகாணத்தின்ர விஞ்ஞானக் குழு படம் கீறி மூண்டாவது அலை வரும் எண்டு காட்டினது, ரீவியில நேரடியாப் போனது, நானும் பாத்தனான் நீங்களும் பாத்தனீங்கள்.

அப்பா போன வருசம் மே மாசம் நேர்சிங் ஹோமில கொரோனாவில போயிட்டார். கடைசியா கண்ணாடிக்கு வெளியில நிண்டுதான் பாத்தனான். லோங் ரேம் கெயர் எண்டு நியூஸ் வந்தா உடன சனலை மாத்திடுவன். அவரை அங்க விட்டது என்ர பிழையோ அக்கா?
– பெயரும் ஊரும் வேண்டாம்

இல்லை தங்கச்சி. இதை வாசிச்சுப்போட்டு ரெண்டுநாள் ஒண்டும் எழுதேல்லை நான். நீங்கள் அப்பாவைக் கைவிட்டு விடேல்லை, ரெண்டு ஷிஃப்ட் வேலை, வீட்டில தூக்கிக் குளிக்க வாக்க ஆளில்லை, அரசாங்கம் லைசென்ஸ் குடுத்த இடம், பாப்பினம் எண்டு நம்பி விட்டனீங்கள். நம்பினது குற்றம் ஆகாது.

சனலை மாத்தினதால உங்களுக்குத் தெரியாமப் போயிருக்கும், அதால சொல்லுறன். ஏப்ரல் 30 ஆம் திகதி நீதிபதி ஃபிராங்க் மரோக்கோ தலைமையில இருந்த விசாரணைக் குழு அறிக்கை குடுத்திருக்கு. ஒன்ராறியோவில மட்டும் இந்த இல்லங்களில கிட்டத்தட்ட 4,000 முதியவர் செத்திருக்கினம், வேலைசெய்த 11 பேரும் செத்திருக்கினம். மாகாணம் ஆயத்தமா இருக்கேல்லை எண்டு அறிக்கை நேராவே சொல்லுது. சார்ஸுக்குப் பிறகு சேத்து வைச்ச மாஸ்க்கும் கையுறையும் காலாவதியாக, அதை எறிஞ்சுபோட்டு புதுசு வாங்காமலே விட்டிருக்கினம். ஒரு அறையில நாலு கட்டில், நடுவில ஒரு சீலை. ஒரே பி.எஸ்.டபிள்யூ, அதாவது முதியவரைக் குளிப்பாட்டிப் பராமரிக்கிற வேலையாள், காலமை ஒரு ஹோம், பின்னேரம் இன்னொரு ஹோம், ஏன் எண்டா ஒரு இடத்திலயும் முழுநேர வேலை குடுக்கிறேல்லை. பிரிட்டிஷ் கொலம்பியா 2020 மார்ச் கடைசியிலயே ஒரு ஆள் ஒரு ஹோம்தான் எண்டு கட்டளை போட்டது, இஞ்ச அது நடைமுறைக்கு வந்தது ஏப்ரல் 22. போன வருசம் மே 26 இல ராணுவத்தின்ர அறிக்கை வந்தபோது, கரப்பான் பூச்சியும், கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆரும் வராம அழுத கிழவர்மாரும் எண்டு வாசிக்க எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை.

எங்கட பக்கத்துவீட்டு அக்காவும் பி.எஸ்.டபிள்யூதான். போன வருசம் முழுக்க இரவு 11.30 க்கு கராஜ் கதவு திறக்கிற சத்தம் கேக்கும். கார் உள்ள போகும், உடன இறங்கமாட்டா. கொஞ்சநேரம் லைற் எரிஞ்சுகொண்டு இருக்கும், ஸ்ரீயரிங்கைத் துடைப்பா, யூனிஃபோமைக் கழட்டி ஒரு கடைப் பையில போட்டு இறுக்கி முடிச்சுப்போட்டு, பழைய சோட்டியோட உள்ள ஓடுவா. சின்ன மகள் மேல்மாடி ஜன்னலில நிண்டு கை காட்டும், குளிச்சிட்டு வருமட்டும் அம்மாவைத் தொடேலாது. தன்ர ஹோமில போன ஒவ்வொருத்தற்ற பேரையும் ஒரு சின்னக் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா, தமிழில. தான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்த ஆக்கள் எண்டு எனக்குச் சொன்னவா. உங்கட அப்பாவுக்கும் அப்பிடி ஒருத்தி பக்கத்தில இருந்திருப்பா எண்டு நினைக்க எனக்கு விருப்பமா இருக்கு, தங்கச்சி. ஏலுமெண்டா இந்தமுறை நியூஸ் வந்தா மாத்தாம பாருங்கோ, அந்த 4,000 எண்ட நம்பருக்குள்ள அவரும் இருக்கிறார், அதுக்குக் கணக்குக் கேக்கிற உரிமை உங்களுக்குத்தான் முதல்.

கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா, ஆவி பிடிச்சா வராது எண்டு வட்சப்பில வருது. உண்மையோ?
– ஒரு ஐயா, ஸ்காபரோ

கொத்தமல்லி குடியுங்கோ ஐயா, இஞ்சியும் போட்டுக் குடியுங்கோ, தொண்டைக்குச் சுகமா இருக்கும். ஆனா அது வைரஸை மறிக்காது. கொதிதண்ணிச் சட்டிக்கு மேல போர்வை மூடிக்கொண்டு குந்தாதேங்கோ, கை தடுமாறினா சுட்டுப்போடும். மூச்சு முட்டினா ஆவி பிடிச்சுக்கொண்டு இராம 911 எடுங்கோ.

அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது, எனக்கு ஒன்லைனில புக் பண்ணவும் தெரியேல்லை. ஏப்ரலில ஒருக்கா கிடைச்ச அப்பொயின்ற்மென்டும் ரத்தாப் போச்சு. இனி எப்பிடி ஊசி போடுவிக்கிறது?
– மால்வேன் வாசகர்

ஏப்ரல் நடுவில ஸ்காபரோவில 2 கிளினிக்கை ஊசி இல்லையெண்டு மூடினவை, 10,000 பேரின்ர அப்பொயின்ற்மென்ட் போச்சு, அதுக்குள்ளதான் உங்கட அம்மாவும். ஆகக் கூட வருத்தம் இருந்த இடத்தில ஊசி இல்லை, வருத்தம் குறைஞ்ச இடத்தில ஃபார்மசியில கிடந்துது. சனம் சத்தம் போட்டதுக்குப் பிறகுதான் மே 3 இல இருந்து ரெண்டு கிழமை மாகாணத்துக்கு வந்த ஊசியில பாதியை 114 ஹொட்ஸ்பொட் போஸ்டல் கோட்டுக்கு அனுப்பினவை. ஸ்காபரோவில இப்ப நம்பர் இறங்குதெண்டா அதில பெரிய பங்கு அதுக்குத்தான் எண்டு நான் நம்புறன், அதை ஜனவரியிலயே யோசிச்சிருந்தா இண்டைக்கு எத்தினை பேர் வீட்டில இருந்திருப்பினம்.

ஒன்லைன் தெரியாட்டி பரவாயில்லை, போனிலயும் புக் பண்ணலாம், மொழிபெயர்க்க ஆள் வேணும் எண்டு கேளுங்கோ. பள்ளிக்கூடத்தில, கோயிலில, கொம்யூனிற்றி சென்ரரில பொப்-அப் எண்டு தற்காலிக ஊசி கிளினிக் போடுறவை, அதுக்கு கனதரம் புக்கிங் தேவையில்லை. விலாசம் காட்ட ஒரு கடிதம் இருந்தா காணும், லைன் நீளம், அம்மாவுக்கு ஒரு மடக்குக் கதிரையும் தண்ணிப் போத்திலும் கொண்டுபோங்கோ. கையைச் சுருட்டி விடக்கூடிய சட்டை போடச் சொல்லுங்கோ, நான் என்ர அம்மாவை சீலையோட கொண்டுபோய் பிளவுஸ் கை இறுக்கமா இருந்து பட்டபாடு எனக்குத் தெரியும். இப்ப 12 வயசில இருந்து எல்லாருக்கும் திறந்திட்டினம், வீட்டில இருக்கிற பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போங்கோ. உங்கட பேஸ்மென்டில ஆரும் வாடகைக்கு இருக்கினமெண்டா அவையின்ர கதவையும் ஒருக்காத் தட்டுங்கோ, ஹெல்த் கார்ட் இல்லையெண்டு பயந்து வராம இருப்பினம், கார்ட் இல்லாட்டியும் போடலாம், காசும் இல்லை, அதை அவைக்குச் சொல்லிப்போட்டு காரில இடமிருந்தா ஏத்திக்கொண்டு போங்கோ.